பினாங்குச் சந்தைகளில் அத்தையின் பின்னால்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பாத்திக் சால்வை கிடக்கிறது, மெழுகும் சாயமும் வைத்துப் பூப்போடும் துணி. மூன்று வருடத்துக்கு முன்பு மலேசியாவின் பினாங்குத் தீவில் 180 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. "கையால வரைஞ்சது" என்று கடைக்காரர் சொன்னார், நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டு வாங்கி வந்தேன். போன தீபாவளிக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது அத்தை பக்கத்தில் வந்தார். நுனியைப் பிடித்து இழுத்தார், உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "அச்சு" என்றார். அவ்வளவுதான், இட்லி சாப்பிடப் போய்விட்டார். என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அத்தை பினாங்கில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பத்தைந்து வருடம் ஆகிறது. பினாங்கின் தலைநகரை ஜார்ஜ்டவுன் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, எப்போதும் "தஞ்சோங்"தான். சரி, இந்தத் தடவை இவரைக் கூட்டிக்கொண்டே போய்விடலாம் என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்கு இரண்டு டிக்கெட் போட்டேன். புரட்டாசி மாதம் என்பதை யோசிக்கவில்லை. "சனிக்கிழமை நான் சைவம், தெரியும்ல?" என்றார் ரயில் ஏறிய பிறகு.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். நிலையத்திலிருந்து நடைபாதை வழியாகவே தீவுக்குப் போகும் ஃபெர்ரிக்குப் போய்விடலாம். வார இறுதிக்குக் காரில் போகாதீர்கள் என்பது என் அனுபவம். பழைய ஊர்த் தெருக்கள் குறுகல், பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும். கார் ஏற்றும் பழைய ஃபெர்ரிகளும் 2020 கடைசியோடு நின்றுவிட்டன. 2023-இல் வந்த புதுப் படகுகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான். குளிர்சாதன வசதியோடு கண்ணாடி போட்டு மூடிய படகு. அத்தைக்குப் பிடிக்கவில்லை. "காத்தே இல்லாம என்ன ஃபெர்ரி?" என்று அக்கரை வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கே என்னை எழுப்பிவிட்டார். சௌராஸ்தா சந்தைக்கு எட்டு மணிக்கு முன்னால் போக வேண்டுமாம். இதற்கு முன்பு நான் போனதெல்லாம் பதினொரு மணிக்கு. அப்போது மீன்காரர்கள் மேசையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், பக்கத்துக் கோல கங்சார் சாலையில் பாதிக் கடை எடுத்துக் கட்டியிருப்பார்கள். இந்த இடத்தில் என்ன அப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். காலையில் பார்த்தால்தான் தெரிகிறது, அது வேறு ஊர். காய்கறி, பூ, மீன், கோழி, குவே பலகாரம், காலைச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தெருவில் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன. சௌராஸ்தா என்றால் இந்தி, உருதில் நாற்சந்தி. 1890-இலிருந்து அங்கே சந்தை இருக்கிறது. இப்போதைய கட்டடம் பிற்பாடு வந்தது. மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. புத்தகப் பைத்தியம் யாராவது கூட வந்தால் அவர்களை மேலே அனுப்பிவிட்டு நீங்கள் கீழே நிம்மதியாகச் சுற்றலாம்.

போப்பியா என்ற காய்கறிச் சுருளுக்குத் தோல் ஊற்றுகிறவரின் முன்னால் அத்தை கால் மணி நேரம் நின்றார். அதைச் சும்மா பார்ப்பதற்கே போகலாம். மைதா மாவை நீர்க்கப் பிசைந்து ஒரு உருண்டையாகக் கையில் தொங்கவிட்டிருக்கிறார். கீழே வழிந்துவிடும் என்று நமக்குப் பதறுகிறது. அவர் மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அது வழிவதில்லை, மேலும் கீழும் துள்ளுகிறது. சூடான கல்லில் ஒரு வட்டம் தேய்த்து வெடுக்கென்று எடுத்தால் கல்லில் ஒரு ஏடு மட்டும் ஒட்டியிருக்கும். நாலைந்து விநாடியில் ஓரம் சுருண்டு வரும், விரலால் உரித்து அடுக்கில் போடுகிறார். ஒரே ஆள் மூன்று கல். ஒன்றில் தேய்க்க, ஒன்றில் வேக, ஒன்றில் உரிக்க. நாங்கள் இருபது வாங்கினோம். அன்றைக்கே சாப்பிட வேண்டிய பொருள் அது என்று வாங்கிய பிறகுதான் உறைத்தது. ஓட்டல் அறையில் போப்பியா செய்ய முடியுமா? ஊருக்குக் கிளம்பும் அன்று வாங்கியிருக்க வேண்டும். காலையில் சுத்தம் செய்ய வந்த அக்காவிடம் கொடுத்துவிட்டோம்.

பினாங்கு சாலையைப் பார்த்த பக்கத்தில் ஜெருக் என்ற பழ ஊறுகாய்க் கடைகள். மாங்காய், நெல்லிக்காய், கெடொண்டோங், பப்பாளிச் சீவல், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாதிக்காய். நம் வீட்டில் சாதிக்காய் என்றால் பிரியாணிக்கு உரசிப் போடும் கொட்டை மட்டும்தான். இங்கே பழத்தையே சாப்பிடுகிறார்கள். கடைக்கார அம்மா ஒரு புதுப் பழத்தைப் பிளந்து காட்டினார். கொய்யாப் பிஞ்சு அளவில் மஞ்சள் பழம். உள்ளே கெட்டியான வெள்ளைச் சதை. அதற்கு நடுவில் பளபளவென்று கரும்பழுப்புக் கொட்டை, அதன் மேல் ரத்தச் சிவப்பில் வலை பின்னின மாதிரி சாதிபத்திரி. சதை ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும், கொட்டையும் பத்திரியும் சமையலுக்கு, எண்ணெய் மூட்டு வலிக்கு. தூக்கிப் போட ஒன்றுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து கன்று கொண்டுவந்து இங்கே தோட்டம் போட்டது. அரை நூற்றாண்டு கொழித்த பிறகு நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தன. மிச்சமிருந்து தழைத்தவை இன்றைக்கும் பாலேக் பூலாவ் பக்கம் நிற்கின்றன.

ஓட்டோடு இருந்த காய்ந்த கொட்டையை அத்தை காதருகே வைத்து ஆட்டினார். லொடலொடவென்று சத்தம் வந்தால் உள்ளே பருப்பு நன்றாகக் காய்ந்து ஓட்டை விட்டு விலகியிருக்கிறது. சத்தம் வராவிட்டால் ஈரம் இருக்கிறது, வீட்டில் பூஞ்சை பிடிக்கும். ஓடு நீக்கியது என்றால் நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். கீறின இடத்தில் எண்ணெய் மினுக்க வேண்டும், குண்டூசி ஓட்டை எங்கும் இருக்கக் கூடாது. ஓட்டோடு வாங்குவதே நல்லது, வாசனை வருடக்கணக்கில் நிற்கும் என்றார். கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே இருந்து வேறொரு டப்பாவை எடுத்து வந்து வைத்தார். முதல் டப்பா எங்களை மாதிரி சுற்றுலா ஆட்களுக்கு என்று அர்த்தம்.

இந்தக் கடைகளில் ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் பெரிதாக விலை எழுதியிருக்கும். அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி 100 கிராம் என்று இருக்கும். ஒரு கிலோ விலை என்று நினைத்துக்கொண்டு "எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போடுங்க" என்றால் கல்லாவில் முழி பிதுங்கும். எனக்குப் பிதுங்கியிருக்கிறது. ருசி பார்க்கக் கேட்டால் பல்குத்தும் குச்சியில் குத்தித் தருகிறார்கள். முதலில் ருசி, பிறகு எடை சொல்லிக் கேட்பது, அப்புறம் காசு.

காலைப் பசியாறல் கடைத்தெருவில். வரைபடத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட், லிட்டில் இந்தியா. அத்தை தலைமுறைக்கு அது வெறும் கடைத்தெரு. தோசையும் வாழையிலையும் பாட்டுச் சத்தமும் கிள்ளானிலும்தான் இருக்கின்றன. அதனால் அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பூ மட்டும் வாங்கிக்கொண்டோம், குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்கு. 1833-இல் எழுந்த கோயில். தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், சம்பளத்தன்று நேரே இங்கேதான் வருவாராம். அத்தை கொடிமரத்தருகே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து அர்மீனியன் ஸ்ட்ரீட் நடக்கும் தூரம்தான். சைக்கிளில் பிள்ளைகள் இருக்கும் அந்தச் சுவரோவியத்துக்கு முன்னால் வரிசை. 2012-இல் வரைந்தது, அன்றிலிருந்து ஊரே அங்கேதான் படம் எடுக்கிறது. எனக்கு வேண்டியது அந்தத் தெருவின் துணிக்கடைகள். ஏதோ ஒரு கடைக்குள் நுழைந்து, "அத்தை, இப்பச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

இரண்டு துணியை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். கையால் செய்யும் பாத்திக்கில் சாந்திங் என்ற கருவி உண்டு. மூக்கு வைத்த சின்னச் செம்புக் கிண்ணம், ஒரு கைப்பிடி. உருகின மெழுகை அதில் மொண்டு துணியில் கோடு இழுப்பார்கள். மெழுகு துணிக்குள் இறங்கிப் பின்பக்கமும் பிடித்துக்கொள்ளும், அந்த இடத்தில் சாயம் ஏறாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை எடுத்தால் கோடு வெள்ளையாக நிற்கும். அதனால் கைப் பாத்திக்குக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் கிட்டத்தட்டக் கிடையாது, இரண்டு முகமும் ஒரே நிறம். அச்சுத் துணியில் சாயம் மேலோடு நின்றுவிடும், பின்பக்கம் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருக்கும். என் சால்வை மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

மெல்லிய துணி என்றால் அச்சும் பின்பக்கம் ஊறிவிடும், அப்போது திருப்பிப் பார்த்துப் பயனில்லை. பூவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பூவில் இதழ் ஓரம் கொஞ்சம் பிசிறியிருக்கிறதா? சரியாக ஒரு முழம் தள்ளி இன்னொரு பூவிலும் அதே இதழ் அதே இடத்தில் பிசிறியிருந்தால் அது அச்சு. மனுஷன் ஒரே தப்பை அளந்து அளந்து செய்ய மாட்டான். செம்பு அச்சுக்கட்டையால் மெழுகு ஒற்றுகிற சாப் வகை நடுவில் நிற்கிறது. அதிலும் பூ திரும்பத் திரும்ப வரும், ஆனால் கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் ஒரு மயிரிழை விலகியிருக்கும், அதுதான் கைப்பட்டதற்குச் சாட்சி. விலையிலும் அது நடுவில்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று. பாத்திக் எழுதுவதும் ஒற்றுவதும் பெரும்பாலும் கிளந்தானிலும் திரெங்கானுவிலும். பினாங்கில் விற்கிற பல துணிகள் அங்கிருந்து வருபவை. ஆனால் மெழுகும் சாயமும் வைத்து ஓவியமாகவே எழுதி மாட்டலாம் என்று 1950-களில் காட்டிய சுவா தியன் தெங் பினாங்கில் இருந்தவர். அதனால் சட்டத்துக்குள் மாட்டும் பாத்திக் ஓவியம் வேண்டுமென்றால் இந்த ஊரில் தேடுவது நியாயம். சட்டைத் துணி வேண்டுமென்றால் ஊர்ப் பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். கடைக்காரப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழ் புரிந்ததோ இல்லையோ, அத்தை துணியைப் புரட்டிய விதம் புரிந்திருக்கும். கையால் எழுதின துணிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். சாப் வகையில் ஒரு துண்டு எடுத்தேன்.

மூன்று மணிக்கு மழை கொட்டியது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்குக்குப் போனால் மதியத்துக்கு மேல் ஒன்றும் திட்டம் போடாதீர்கள். கெங் க்வீ சந்தில் செண்டோலுக்கு நின்ற வரிசை கலைந்து ஓடியது, அத்தை மட்டும் குடையோடு அசையாமல் நின்றார். அதனால் ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. பாண்டான் பச்சையில் புழு மாதிரி அரிசி மாவு, சிவப்பு பீன்ஸ், தேங்காய்ப்பால், கூலா மலாக்கா வெல்லம், மேலே ஐஸ். புரட்டாசிச் சனிக்கும் பாதகமில்லை. லக்சா நூடுல்ஸுக்கு அன்று வழியில்லை, அதன் குழம்பே கெம்போங் மீனை அவித்து உதிர்த்துப் போட்டதுதான். சைவக்காரர்கள் "மீன் துண்டு வேணாம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தாவ் சார் பிஸ்கட்டிலும் கவனம் வேண்டும். உள்ளே பாசிப்பயறுதான் என்றாலும் பழைய முறையில் மேல்மாவுக்குப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். தாவர எண்ணெயில் செய்கிற கடைகளும் இருக்கின்றன, கேட்டு வாங்கினால் தொல்லையில்லை.

பத்து பிரிங்கி என்ற கடற்கரைப் பகுதியின் இரவுச் சந்தைக்கும் போனோம். அசல் மாதிரியே இருக்கும் கைக்கடிகாரங்கள், ஒரே மாதிரி டீ சட்டைகள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். அதற்கு வாடகைக் கார் செலவு தண்டம்.

ஞாயிறு காலை ஏழரைக்கு லோரோங் கூலிட், நகர அரங்கத்துக்குப் பக்கத்துப் பழைய சாமான் சந்தை. தரையில் தார்ப்பாயை விரித்து, ஓடாத கடிகாரம், பழைய காசு, ரேடியோ, ஒற்றைச் செருப்பு வரை பரப்பியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் கைப்பேசியைக் காட்டிக் காசு கட்டலாம், இங்கே சில்லறை நோட்டாகக் கையில் இருந்தால்தான் பேரம் படியும். ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டிக்கொண்டு அஞ்சு வெள்ளி குறைக்கச் சொன்னால் யார் கேட்பார்கள்? துணிப் பையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.

ஒரு அப்பெக்கிடம், அதாவது சீனப் பெரியவரிடம், எனாமல் தீங்காட் இருந்தது, சாப்பாடு எடுத்துப் போகும் அடுக்குப் பாத்திரம், நாலு அடுக்கு, பச்சை விளிம்பு, ரோஜாப்பூ. எனக்கு உடனே ஆசை வந்துவிட்டது, முகத்திலும் தெரிந்திருக்கும். 90 வெள்ளி என்றார். அத்தை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொரு அடுக்காகக் கழற்றிக் கவிழ்த்தார். அடிப்பக்கம் துரு இருக்கிறதா, உள்விளிம்பில் எனாமல் சில்லு பெயர்ந்து கறுப்பு இரும்பு தெரிகிறதா என்று விரலை ஓட்டினார். உள்ளே பெயர்ந்திருந்தால் அதில் சாப்பாடு வைக்கக் கூடாது, காட்சிக்குத்தான். மூன்றாம் அடுக்கு அப்படி இருந்தது. அதைத் தனியே எடுத்து, ஒன்றும் பேசாமல் அப்பெக் முன்னால் கவிழ்த்து வைத்தார்.

"கோ சாப்," என்றார்.

அப்பெக் நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். அத்தைக்கு ஹொக்கியன் சீனம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஐம்பது என்று அர்த்தமாம். அவர் தலையை ஆட்டி ஹொக்கியனிலேயே எண்பது என்றார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். பிறகு ஏதேதோ பேச்சு. எந்தத் தெரு, யார் மகள் என்ற விசாரணை போலிருந்தது. முடிவில் "லாக் சாப்," அறுபதுக்கு முடிந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் யாரோட பேசுறது?" என்றார் நடந்து வரும்போது.

பதினொன்றரைக்கு ஹின் பஸ் டெப்போ. பழைய பேருந்துப் பணிமனை, இப்போது ஓவியக் கூடம். ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் கடை போடுகிறார்கள், சோப்பு, மண் கோப்பை, நோட்டுப் புத்தகம், காதணி. அத்தை ஒரு கோப்பையைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார், அடியில் செய்த பெண்ணின் முத்திரை இருந்தது. விலையைக் கேட்டுவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். அங்கே நான் பேரம் பேசவில்லை. செய்தவரே முன்னால் நின்று விற்கிறார், எத்தனை நாள் வேலை என்று கேட்டால் சொல்கிறார். அந்த விலை எனக்குப் புரிந்தது. அத்தைக்குப் புரியவில்லை, அது அவர் பாடு.

மதியம் நாசி கண்டார் சோறு. கண்டார் என்றால் காவடித் தண்டு. தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் கறி என்று தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் தொடங்கியது. 1907-லிருந்து நடக்கும் ஹமீதியா மாதிரி கடைகள் இன்னும் இருக்கின்றன. முன்பு ஒரு தடவை, வேறு ஏதோ ஒரு கடையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று விரலை நீட்டி "அது, இது, அப்புறம் அது" என்றேன். தட்டு 46 வெள்ளி. முட்டையோடு இருந்த பெரிய சோத்தோங்தான் (கணவாய்) ஆளை விழுங்கியது என்று பிறகு சொன்னார்கள். இறால், மீன் முட்டை, சோத்தோங் மூன்றும் அளவைப் பொறுத்து விலை ஏறும்.

அத்தை வரிசையில் போய் நின்று, "நானா, அந்தச் சோத்தோங் எவ்வளவு? பெருசு வேணாம், சின்னதா ஒண்ணு. கோழி ஒரு துண்டு. வெண்டிக்காய் ரெண்டு. குழம்பெல்லாம் கலந்து ஊத்துங்க" என்றார். நானா கரண்டியை நிறுத்தி விலையைச் சொன்னார், அத்தை சரி என்ற பிறகுதான் கரண்டி இறங்கியது. மீன் குழம்பு, கோழிக் குழம்பு, பருப்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சோற்றை மூழ்கடித்தன. இரண்டு தட்டு, இரண்டு தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்), 33 வெள்ளி.

கிள்ளானுக்கு வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. அத்தை பைகளைப் பிரித்தார். சாதிக்காயை மறுபடி ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். தீங்காட்டின் மூன்றாம் அடுக்கில் ஊசி நூல் போட்டுக்கொள்ளலாம் என்றார். அடியிலிருந்து நான் பார்க்காத ஒரு பாத்திக் கைலி வந்தது, நீலத்தில் மஞ்சள் பூ. எப்போது வாங்கினார் என்றே தெரியவில்லை. நான் நுனியைப் பிடித்துத் திருப்பினேன். பின்பக்கம் வெளுத்திருந்தது.

"அத்தை, இது அச்சு."

"தெரியும். பதினெட்டு வெள்ளி. அதுக்கு வேற என்ன குடுப்பான்?" கைலியை வாங்கி மடித்தார். "ஆமா, உன் சால்வை எவ்வளவுன்னு நீ சொல்லவே இல்லையே?"

தே ஓ கலக்கிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன்.